வாய்க்கால் மேல் போட்ட பழி

"இந்த டெஸ்ட்டைத்தான் போன வருசமே எடுத்தாச்சேம்மா!"

டாக்டரம்மா கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். திரையில் இருந்த இங்கிலீஷ் எழுத்துகளில் தன் பெயரையும் வயதையும் மட்டும் சுகுணா கண்டுபிடித்தாள். அதற்குக் கீழே ஒரு வரி சிவப்பாக இருந்தது.

"எடுத்தோம்ங்க. எல்லாம் நார்மல்னு வந்துச்சுங்களே."

"நார்மல்னு யார் சொன்னா?"

சுகுணா திரும்பிப் பார்த்தாள். அவள் புருசன் ரகுநாத் சுவரில் தொங்கிய காலண்டரில் தேதி தேடிக்கொண்டிருந்தான். காற்றாடிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் அவன் கழுத்தில் வேர்வை வழிந்தது.

"மாசி மாசம் ரிசல்ட் வந்திருக்கு. ஒங்க வீட்டுக்காரர்தான் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காரு. மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுத்துப் பாக்கணும், அடுத்தது உண்டானா அன்னைக்கே வந்துரணும், வயித்துல ஊசி போட வேண்டியிருக்கும்னு நானே அவருகிட்ட சொன்னேன். நீங்க வரலைன்னு ரெண்டு தடவை போன் பண்ணியிருக்காங்க. இதோ, தேதி போட்டு எழுதியிருக்கு."

"எனக்குப் போன் வரலைங்களே."

"கார்டுல இருக்கிறது அவரு நம்பர்தானே."

டாக்டரம்மா ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டு, பின்பக்கம் படம் வரைந்து சொன்னார். இவளுடைய ரத்தம் சீக்கிரம் உறைகிற சுபாவம் உள்ளது. பிள்ளைக்கு ரத்தம் போகிற இடத்தில் சின்னச் சின்னக் கட்டியாக உறைந்து வழியை அடைத்துவிடுகிறது. பிள்ளை பட்டினி கிடந்து போய்விடுகிறது.

"மூணு தடவை தங்கல. இப்ப ஏழு வாரம், துடிப்பு நல்லா இருக்கு. ரத்தத்த இளக்குற ஊசி ஒண்ணு இருக்கு. தினம் ஒண்ணு, வயித்துல தோலுக்குக் கீழ போடணும். கூட ஒரு மாத்திரை. பிரசவம் நெருங்குற வரைக்கும்."

"தினமுமாங்க?"

"தினமும்தான். போட்ட எடம் கன்னிப்போகும். ரத்தக் கசிவு இருந்தா ஒடனே வரணும். போட்டா நூறு பேர்ல எழுவது எம்பது பேருக்குப் பிள்ளை நெலைக்குது. போட்டும் நெலைக்காதவங்க உண்டு. பொய் சொல்லி ஒங்கள ஊசி போட வைக்க மாட்டேன். யோசிச்சு நீங்கதான் முடிவெடுக்கணும். ஆனா ரொம்ப யோசிக்காதீங்க. இந்த வாரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் நல்லது."

சுகுணா சேலை முந்தானையை விரலில் சுற்றினாள்.

"டாக்டர், போன தடவை, மூணாவது மாசம், நான் ஒரு வாய்க்காலத் தாண்டினேன். அன்னைக்கு ராத்திரிதான் ரத்தம் பட்டுச்சு. அதனால இல்லீங்களா?"

"எந்த வாய்க்கால்?"

"எங்க தோட்டத்துப் போர்த்தண்ணி வாய்க்கா. ரெண்டடி இருக்கும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டடி வாய்க்காலத் தாண்டினா பிள்ளை விழுந்துரும்னா ஒங்க ஊருல ஒரு பிள்ளை பொறந்திருக்காதும்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. யாரு சொன்னது ஒங்களுக்கு?"

சுகுணா விரலில் சுற்றிய முந்தானையைப் பிரித்தாள்.

"வீட்ல வேற யாருக்காச்சும் கால் நரம்புல ரத்தம் கட்டினது, இப்படிக் கலைஞ்சதுன்னு இருக்கா? சும்மா கேக்குறேன். இது பெரும்பாலும் பரம்பரையா வர்றதில்ல."

அப்போதுதான் ரகுநாத் முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"வராதுங்களா? கூடப் பொறந்தவங்க, சொந்தக்காரங்க, யாருக்கும் வராதுங்களா?"

"பெரும்பாலும் வராது."

அவன் தலை தொங்கிப்போனது.

*

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி வழியாக வீட்டுக்குத் திரும்பினார்கள். பூ மூட்டை ஏற்றும் குட்டியானை வண்டி அது; முன்சீட்டில் உட்கார்ந்தாலும் பின்னால் காலியாகக் கிடந்த சாக்குகளிலிருந்து பழைய மல்லிகை வாடை அடித்தது. ஆனி மாதக் காற்று ரோட்டு மண்ணை அள்ளிக் கண்ணாடியில் வீசியது. சுகுணாவின் மடியில் மருந்துக் கடைப் பை இருந்தது. அதற்குள் பத்து ஊசி.

"மோர் குடிக்கிறியா?" என்றான், ஆலங்குடி கடைத்தெருவில் வண்டியை மெதுவாக்கி.

"ஏன் மச்சான்?"

"வெயிலா இருக்கேன்னுதான்."

"மோரக் கேக்கல."

வண்டி கடைத்தெருவைத் தாண்டிவிட்டது. ஒரு புளியமரத்தடியில் அவனாகவே ஓரம் கட்டினான். ஸ்டியரிங்கைப் பார்த்தே பேசினான்.

"இலக்கியாவுக்கு அப்பத்தான் பேசி முடிச்சிருந்துச்சு. நிச்சயத்துக்குப் பத்து நாள் இருந்துச்சு. ரிப்போர்ட்ட வாங்கிட்டு வந்து அம்மாகிட்ட சொன்னேன். ரத்தத்துல குறைன்னு போட்டுருக்கும்மான்னு. அவ்வளவுதான் சொன்னேன்."

"என் ரத்தத்துல குறை இருந்தா ஒங்க தங்கச்சிக்கு என்ன?"

"நீ யாரு? எங்க மாமன் மக. ஒன் ரத்தமும் அவ ரத்தமும் ஒரே வீட்டு ரத்தம்னு மாப்ள வீட்ல நெனச்சிட்டா? ஆலங்குடிக்காரங்க, ஒவ்வொண்ணையும் தோண்டித் துருவிக் கேக்குறவங்க. ஏற்கெனவே ரெண்டு கலைஞ்சத வச்சு, ஒங்க குடும்பத்துலயே இப்படித்தானான்னு அந்தப் பொம்பள ஒரு தடவை கேட்டுச்சு. அம்மா பயந்து போச்சு."

"சரி. வைகாசியில கல்யாணம் முடிஞ்சிருச்சு. நான் உண்டானது ஆடியில. இடையில சொல்ல ஒங்களுக்கு ஒரு நாள் கெடைக்கலையா?"

"சொல்லணும்னுதான்..."

"ஆடியில உண்டானவுடனே இந்த ஆஸ்பத்திரிக்குப் போவோம்னேன். பேராவூரணிதான் பக்கம்னு அங்கிட்டுக் கூட்டிட்டுப் போனீங்க."

ரகுநாத் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இங்க வந்தா தெரிஞ்சு போகும்னு. இந்தத் தடவை தங்கிரும்னு நெனச்சேன் சுகுணா. சத்தியமா நெனச்சேன். தங்கிட்டா ஒண்ணுமே சொல்ல வேண்டியிருக்காதுல்ல."

அவன் நார்மல் என்று சொன்ன அன்று நடந்ததெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தது. தோட்டத்து மல்லிகையில் முதல் தட்டைத் தனியே எடுத்து, பூச்சொரிதலுக்குத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று மைல் வெறுங்காலோடு நடந்தாள். ஆத்தா என்னைக் கைவிடவில்லை என்று கோயிலில் விழுந்து அழுதாள். பக்கத்தில் நின்று கற்பூரம் ஏற்றியவன் இவன்தான்.

"வண்டிய எடுங்க" என்றாள்.

*

வீட்டில் கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு கொதித்து இறங்கியிருந்தது. மசக்கையில் இவள் வாய்க்குப் பிடிக்கிற ஒரே குழம்பு அது. மீமிசல் கருவாட்டுக்காரியிடம் அமராவதி நேற்றே சொல்லி வாங்கிவைத்திருந்தாள். அமராவதி மாமியாராவதற்கு முன்பே அவளுக்கு அத்தை, அப்பாவின் கூடப்பிறந்த தங்கச்சி. சுகுணாவின் அம்மா சாகும்போது இவளுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து சடை பின்னிவிட்டது, சடங்கானபோது உளுந்தங்களி கிண்டியது எல்லாம் இந்த அத்தைதான்.

"வாடி, மொதல்ல சாப்பிடு. முள்ள எடுத்து வச்சிருக்கேன். டாக்டரு என்ன சொல்லுச்சு?"

"நீங்க சொல்லாதத எல்லாம் சொன்னாங்க அத்தை."

கரண்டி பாதியில் நின்றது. அமராவதி மகனைப் பார்த்தாள். மகன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டான்.

"அவந்தான் ஒளறிட்டானா?"

"அவரு எங்க ஒளறுனாரு? கம்ப்யூட்டர் சொல்லுச்சு."

அமராவதி அடுப்படியிலேயே உட்கார்ந்தாள். அழுவாள் என்று சுகுணா நினைத்தாள். அவள் அழவில்லை. கோபமாகத்தான் பேசினாள்.

"ஆமாடி, மறைச்சேன். பொட்டப்பிள்ளையப் பெத்தவ வேற என்ன செய்வா? நிச்சயத்துக்கு நாள் குறிச்சாச்சு. மண்டபம் பிடிச்சாச்சு. அந்த நேரத்துல இவ வீட்ல ரத்தத்துல வியாதின்னு ஒரு காக்கா கத்தினாப் போதும், எம்பொண்ணு காலத்துக்கும் வீட்டுல உக்காந்திருப்பா. ஒனக்கு இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குப் பிள்ளை பொறக்கும். அவளுக்குப் போன மாப்ள திரும்பி வருவானா?"

"எனக்குப் போன பிள்ளை திரும்பி வருமா அத்தை?"

"அது அப்படிப் போகும்னு நான் கண்டனா? ஒன்னையப் பாக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்டி."

"நெஞ்சுதான் அடைச்சுச்சு. வாய் அடைக்கலையே. வாய்க்காலத் தாண்டாதன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன், கேக்கலைன்னு கருமாதிக்கு வந்தவங்ககிட்ட பேசுற மாதிரி வீடு வீடாச் சொன்னீங்கல்ல? பூப்பறிக்க வந்த மருதாயிகிட்ட சொன்னீங்க. பூக் கமிஷன் கடையில சொன்னீங்க. நானும் எட்டு மாசமா நம்பிக்கிட்டு கெடக்கேன், எம்பிள்ளைய நானே கொன்னுட்டேன்னு."

அமராவதி கரண்டியைக் கீழே வைத்தாள். குழம்புச் சட்டியைத் துணி போட்டு மூடினாள். மூடிய துணியை மறுபடி எடுத்தாள்.

"அந்தப் பையில இருக்கறது ஊசிதானே. போட்டுக்க. நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா சத்தமில்லாமப் போட்டுக்கத்தா. இலக்கியா இப்ப அஞ்சு மாசம். ஆவணியில வளைகாப்பு. அவ மாமியா காதுல விழுந்துரக் கூடாது. இந்த ஒண்ண மட்டும் எனக்காகச் செய்."

சுகுணா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். முள் எடுத்த கருவாட்டுத் துண்டுகள் தட்டின் ஓரத்தில் வரிசையாக இருந்தன.

*

மறுநாள் காலையில் அவள் பூப்பறிக்கப் போகவில்லை. மருந்துப் பையையும் இரண்டு சேலையையும் எடுத்துக்கொண்டு வடகாட்டுக்குப் பஸ் ஏறினாள். அங்கே அவள் அப்பா நாகராசு தனியாக இருக்கிறார். பலாமரம் பன்னிரண்டு, கொஞ்சம் வாழை. கஜா புயலில் பாதித் தோப்பு சாய்ந்தபோதுகூட நிமிர்ந்து நின்ற மனுசன். மகள் கண்ணில் தண்ணீர் பார்த்தால் மட்டும் உடைந்துபோவார். அவரிடம் சொன்னால் அரிவாளைத் தூக்கிக்கொண்டு தங்கச்சி வீட்டு வாசலுக்குப் போவார் என்றுகூட அவள் பயந்தாள். போகட்டும் என்றும் இருந்தது.

நாகராசு மரத்தடியில் சாக்கு விரித்துப் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். கையில் நல்லெண்ணெய் தடவியிருந்தும் பால் பிசுபிசுவென்று ஒட்டியது.

"வா ஆத்தா. என்ன, பையெல்லாம் தூக்கிட்டு? மாப்ள வரலையா?"

"வரல. நேத்து டாக்டரப் பாத்துட்டு வந்தோம்."

"என்ன சொன்னாக?"

"பிள்ளை நல்லா இருக்கு. ஊசி எழுதிக் குடுத்திருக்காங்க. போடுறதா வேண்டாமான்னு எனக்கு ஒண்ணும் புரியலப்பா."

நாகராசு ஒரு சுளையை எடுத்துக் கொட்டையை நீக்கினார்.

"போட்டுக்க ஆத்தா, பயப்படாத. வயித்துல போட்டா வலி ரொம்ப இருக்காதாம். பிரசவம் வரைக்கும்தானே, பல்லக் கடிச்சுக்கிட்டுப் போட்டுக்க."

சுளையை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"வயித்துல போடுற ஊசின்னு நான் சொல்லலையேப்பா."

அவர் கை நீட்டியபடியே இருந்தது. விரலிலிருந்து பலாச்சாறு சாக்கில் சொட்டியது.

"மாப்ள... போன்ல சொன்னாப்ல."

"எப்ப?"

அவர் கண் சாக்குப் பக்கம் போனது.

"நேத்தா, போன வருசமாப்பா?"

நாகராசு சுளையைச் சாக்கிலேயே போட்டார். துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். பால் போகவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அமராவதி இங்கதான் வந்து உக்காந்து அழுதுச்சு. இதே எடத்துல. அண்ணே, நீ இலக்கியாவுக்குத் தாய்மாமன். சபையில சீரு வைக்க வேண்டியவன். ஒன் வாயால கல்யாணம் நின்னுச்சுன்னா நான் தூக்குல தொங்குவேன்னுச்சு. கூடப் பொறந்தவ ஆத்தா. ஒங்கம்மா போனப்பறம் ஒன்னைய வளத்தவ. நான் என்ன சொல்லட்டும்? ரெண்டு மாசம் பொறு, கல்யாணம் முடியட்டும், அப்பறம் பிள்ளைகிட்ட சொல்லிருன்னேன்."

"அவங்க சொல்லல. நீங்க சொல்லியிருக்கலாம்ல? நான் உண்டானப்ப வந்தீங்களே, ஒரு தார் வாழைப்பழத்தோட."

"அவக சொல்லியிருப்பாகன்னு நெனச்சேன்."

"நெனச்சீங்க. கலைஞ்சப்பவும் வந்தீங்க. எந்தலையத் தடவிக் குடுத்துட்டு, இனிமே பாத்து நடந்துக்க ஆத்தான்னு சொல்லிட்டுப் போனீங்க. எதப் பாத்து நடக்கச் சொன்னீங்கப்பா? வாய்க்காலயா?"

நாகராசு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

அந்தக் கல்யாணத்துக்கு மாமன் மாலை கட்டியது சுகுணா. கடையில் வாங்க வேண்டாம், என் கையாலேயே கட்டுகிறேன் என்று சொல்லி, சம்பங்கியும் ரோஜாவும் வைத்து இரண்டு நாள் உட்கார்ந்து கட்டினாள். அதைச் சபையில் இலக்கியா கழுத்தில் போட்டபோது நாகராசு கண் கலங்கினார். தங்கச்சி மகள் மேல் இவ்வளவு பாசமா என்று ஊரே பேசியது. சுகுணாவும் அப்படித்தான் நினைத்தாள்.

"மகளுக்கு அப்பனா இருக்கறதவிட மருமகளுக்கு மாமனா இருக்கறது ஒங்களுக்குப் பெருசாப் போச்சு" என்றாள்.

"அப்படிச் சொல்லாத ஆத்தா. இங்கயே இரு. நான் பாத்துக்குறேன். ஒரு சொல்லுச் சொல்ல விடமாட்டேன் ஒன்னைய."

"வேண்டாம்ப்பா. அங்க இருந்தா அத்தையும் அவரும்தான் மறைச்சாங்கன்னு இருக்கும். இங்க இருந்தா பெத்த அப்பாவும் மறைச்சாருன்னுதான் தினமும் நெனப்பு வரும்."

அவர் அவசர அவசரமாக ஒரு டப்பாவில் சுளைகளை அடைத்துக் கொடுத்தார். பஸ் வந்தபோது டப்பா நிழற்குடைத் திண்டில் இருந்தது. அவள் எடுக்கவில்லை.

*

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மருந்துப் பையைப் பிரித்துப் பார்த்தாள். எதற்குப் போட வேண்டும் இதை? போட்டு, தினமும் வயிற்றில் குத்திக்கொண்டு, கன்னிப்போய், ஏழு மாதம் கழித்து ஒரு பிள்ளையைப் பெற்று யார் மடியில் போடுவது? அமராவதிக்குப் பேரன். ரகுநாத்துக்கு வாரிசு. நாகராசுக்கும் பேரன்தான். மூன்று பேரும் வரிசையில் நின்று தூக்கிக் கொஞ்சுவார்கள். இவர்களுக்கா? ஊசியைப் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று இவர்களுக்குத்தான் முன்கூட்டியே தெரியுமே. தெரிந்துகொண்டே பார்த்துக்கொண்டு இருக்கட்டும்.

அந்த நினைப்பு வந்ததும் அவள் பையைச் சுருட்டி மூடினாள். ஊருக்கு ஒரு நிறுத்தம் முன்பாகவே இறங்கிவிட்டாள். எதிரே துணை சுகாதார நிலையம். நர்சம்மா மேசை மேல் சோற்று டப்பாவைத் திறந்து வைத்திருந்தார்.

"வா சுகுணா. என்ன இந்த வெயில்ல? சாப்பிட்டியா? பொய் சொல்லாத, மூஞ்சியே சொல்லுது. இந்தா, எலுமிச்சஞ்சோறு."

பாதிச் சோற்றை மூடியில் வைத்துக் கொடுத்தார். சுகுணா இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் பேசினாள். எல்லாவற்றையும் சொன்னாள். நர்சம்மா மருந்துச்சீட்டை வாங்கிப் படித்தார்.

"இத யாருக்காகப் போட்டுக்கணும், நீங்களே சொல்லுங்க."

"அது எனக்குத் தெரியாதுத்தா. ஊசி போடத்தான் கவர்மெண்ட்டு எனக்குச் சம்பளம் குடுக்குது." நர்சம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "ஒண்ணு கேக்குறேன். நேத்து ஸ்கேன்ல துடிப்பக் கேட்டியா?"

"கேட்டேன்."

"பக்கத்துல ஒன் வீட்டுக்காரன் இருந்தானா?"

"உள்ள விடல. நான் மட்டும்தான்."

"அப்ப இதுவரைக்கும் அதக் கேட்டவ நீ ஒருத்திதான். அவங்க எல்லாருக்கும் சேதிதான் தெரியும்."

சுகுணா காலி மூடியைக் கழுவி வைத்தாள். ஸ்கேன் அறையில் கேட்ட அந்தச் சத்தம். தோட்டத்துப் போர் மோட்டார் தூரத்தில் ஓடுகிற மாதிரி, இடைவிடாமல், அவசரமாக.

"தினமும் யாரு போட்டு விடுவா? நீங்க வருவீங்களா?"

"எனக்கு ஏழு ஊரு. மொத ரெண்டு நாள் இங்க வா. அப்பறம் நீயே போட்டுக்கலாம். எத்தனையோ பேரு போடுறாங்க. கையக் காட்டு."

கையைப் பார்த்ததும் நர்சம்மா சிரித்துவிட்டார். "என்னத்தா இது, கழுகு நகம்!"

வலது கைக் கட்டைவிரல் நகத்தை சுகுணா நீளமாக வளர்த்திருந்தாள். காம்போடு மொட்டைக் கிள்ள அந்த நகம் வேண்டும். நல்ல நகம் இருந்தால் விடியற்காலை நான்கு மணிக்கு இறங்கி ஒன்பது மணிக்குள் நான்கு கிலோ பறிக்கலாம்.

"இத வெட்டணும். தொப்புள விட்டு ரெண்டு விரல் தள்ளி, தோல இப்படி மடிச்சுப் பிடிக்கணும். மொட்டுக் கிள்ற மாதிரி இல்ல. நகம் படக் கூடாது. சதையோட, மெதுவா. காத்துக்குமிழி இருந்தாத் தள்ளாத, அது இருக்கத்தான் செய்யும். நேராக் குத்து. போட்டப்பறம் தேய்க்காத."

மேசை டிராயரிலிருந்து நகவெட்டி வந்தது. மூன்று கிள்ளில் நகம் போய்விட்டது. வெட்டின விரல் யாரோ ஒருத்தியுடைய விரல் மாதிரி இருந்தது. முதல் ஊசியை நர்சம்மா போட்டார். எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்றது. பிறகு கொஞ்சம் எரிந்தது, அவ்வளவுதான்.

கிளம்புவதற்கு முன் அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"என் கார்டுல இருக்கற நம்பர மாத்தணுங்க. இந்த நம்பர எழுதிக்கங்க."

"பழைய நம்பரும் இருக்கட்டுமா மேடம்? வீட்டுக்காரர் நம்பர்?"

"வேண்டாம். எடுத்துருங்க."

*

மூன்றாம் நாள், ஊசியை அவளே போட வேண்டிய நாள். பூப்பறிக்கும் பெண்கள் விடியும் முன்பே தோட்டத்தில் இறங்கியிருந்தார்கள். வெளிச்சம் வந்த பிறகுதான் சுகுணா ஊசியை எடுத்தாள். இருட்டில் போட வேண்டாம் என்று நர்சம்மா சொல்லியிருந்தார். உள் அறைக்குப் போகவில்லை. வாசல் வேப்பமரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

ரகுநாத் பக்கத்தில் வந்து நின்றான்.

"குடு, நான் போட்டு விடுறேன். போன்ல வீடியோ பாத்து வச்சிருக்கேன்."

"வேண்டாங்க."

இரண்டு நாளாக அவள் அவனை மச்சான் என்று கூப்பிடவில்லை. அது அவனுக்கும் தெரிந்திருந்தது.

"ஒரு தடவை தப்புப் பண்ணிட்டேன். காலத்துக்கும் இப்படியே இருப்பியா?"

"தெரியல. இப்போதைக்கு இந்த ஊசி போடுறதுதான் தெரியும். ஆஸ்பத்திரிக்கும் இனிமே நான் தனியாப் போய்க்கிறேன். வண்டி வேண்டாம், பஸ் இருக்கு."

அமராவதி கதவோரத்தில் நின்றாள். "உள்ள போய்ப் போட்டுக்கத்தா. ரோட்டுல போறவங்க பாக்குறாங்க. இலக்கியா காதுக்கு..."

"இலக்கியாவுக்கு நேத்தே போன் பண்ணிச் சொல்லிட்டேன் அத்தை."

"அடிப் பாவி!"

"அவ அழுதா. எனக்குத் தெரியாது மதினி, எனக்குத் தெரிஞ்சிருந்தா மாலையே வாங்கியிருக்க மாட்டேன்னா. இது சொந்தத்துல வர்றதில்லைன்னு டாக்டரு சொன்னதையும் சொன்னேன். ஒன் டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கன்னேன். அவ வயித்துல இருக்கறதும் உசுருதானே. எனக்கு மறைச்ச மாதிரி அவளுக்கு என்னால மறைக்க முடியாது."

அமராவதி நிலைப்படியில் சாய்ந்துவிட்டாள். வராத வியாதிக்கா இத்தனையும் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்த மாதிரி இருந்தது. ரகுநாத் அம்மாவிடம் அதைக்கூடச் சொல்லியிருக்கவில்லை.

சுகுணா சேலையை விலக்கி, நகமில்லாத விரலால் வயிற்றுத் தோலை மடித்துப் பிடித்தாள். ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டாள். நேராகக் குத்தி மெதுவாக அழுத்தினாள். தேய்க்கவில்லை. காலி ஊசியை டப்பாவில் போட்டு மூடி, நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்தாள்.

பிறகு பூப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பினாள். கொல்லைக்கும் தோட்டத்துக்கும் நடுவே போர்த்தண்ணி வாய்க்கால் ஓடியது. எட்டு மாதமாக அவள் அந்தப் பக்கமே போவதில்லை. தென்னந்தோப்பைச் சுற்றி, கல் பாலம் வழியாக நூறு அடி கூடுதலாக நடந்துதான் போவாள். அவள் சுற்றிப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் அமராவதி ஒரு பெருமூச்சு விடுவாள். பட்ட பிறகு வந்த புத்தி என்பாள்.

இன்று சுகுணா நேராக நடந்தாள்.

"ஏ சுகுணா, அங்கிட்டு எங்க போற?" என்றாள் மல்லிகைச் செடிக்குள்ளிருந்து மருதாயி. "பாலம் இங்கிட்டுல்ல இருக்கு?"

வீட்டு வாசலிலிருந்து, பழக்கத்தில், அமராவதியின் குரலும் உரக்கக் கிளம்பியது.

"அடியே, வாய்க்கா..."

அதோடு நின்றுவிட்டது. மிச்சம் வரவில்லை.

சுகுணா திரும்பிப் பார்க்கவில்லை. சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு மல்லிகை மொட்டு உருண்டு போனது. இரண்டடிகூட இருக்காது. ஒரு எட்டு வைத்து அந்தக் கரையில் கால் ஊன்றினாள்.

"தள்ளிக்க மருதாயி, இந்த வரிசை என்னோடது" என்று சொல்லிவிட்டுச் செடிப் பக்கம் குனிந்தாள். நகமில்லாத விரலுக்கு முதல் மொட்டு வழுக்கியது. இரண்டாவது வந்தது.